நெஞ்சைப் பிடிக்காமல் வருகிறவர்கள்

மார்ச் 4
நான் சொன்னது அப்படியே பலித்தது. காலையில் ஒரு கொத்தனார் எங்கள் அவசரப் பிரிவு வாசலில் சைக்கிளை நிறுத்தினார். நெஞ்சைப் பிடிக்கவில்லை, முனகவில்லை. வாயுத் தொல்லையாம், ஒரு மாத்திரை போதுமாம். ஆனால் சட்டை முதுகோடு ஒட்டிக் கிடந்தது. மாரடைப்பேதான் என்று சக்கர நாற்காலியில் உட்காரவைத்துத் தள்ளினேன். ஈசிஜி பார்த்த டாக்டர் என் கையைப் பிடித்துக் குலுக்கினார். சரி, குலுக்கவில்லை, தலையை ஆட்டினார். ஏறக்குறைய அதேதான். எட்டாவதோடு நின்ற காவலாளிக்கு இது போதாதா?

மார்ச் 5
தலைமை நர்ஸ் எனக்கு 'வாசல் டாக்டர்' என்று பேர் வைத்துவிட்டார். "நெஞ்சு வலின்னு யார் வந்தாலும் உள்ள அனுப்புங்கண்ணே. நீங்க உக்காந்து பிரிச்சுப் பாக்காதீங்க" என்று ஒரு குட்டும் வைத்தார். பொறாமை.

ராத்திரி சாப்பிடும்போது வீட்டுக்காரிக்குப் பாடமே நடத்தினேன். சர்க்கரை நோய்க்காரருக்கு வலியே தெரியாமல் போகலாம். பெண்களில் சிலர் தாடை வலி, அசதி என்று வருவார்கள், அதுவும் வீட்டு வேலையை முடித்துவிட்டுத் தாமதமாக. எல்லாம் என் சொந்தக் கண்டுபிடிப்பு, நர்ஸுகள் பேசிக் கேட்டது கொஞ்சம். அவள் பாத்திரம் கழுவிக்கொண்டே இருந்தாள். சுவரிடம் பேசியிருக்கலாம்.

மார்ச் 9
வீட்டுக்காரிக்குப் பல் வலி. தாடை முழுக்க இழுக்கிறதாம், மாடிப்படி ஏறினால் கூடுகிறதாம். பிடுங்கிப் போடு என்றேன்.

மார்ச் 11
எழுதாமல் இருக்க முடியவில்லை.

மத்தியானம் வீட்டுக்காரி சாப்பாட்டுத் தூக்கோடு ஆஸ்பத்திரி வாசலுக்கு வந்தாள். நெற்றி நிறைய வேர்வை. ஒரே பார்வை — கண்டுபிடித்துவிட்டேன்! அவள் வாயைத் திறப்பதற்குள் தூக்கைப் பிடுங்கி, சக்கர நாற்காலியில் உட்காரவைத்து, காற்றாகப் பறந்தேன். ரத்தக் குழாயில் அடைப்பாம். உள்ளே கொண்டுபோய்க் கதவைச் சாத்திட்டாங்க. தினமும் நான் மத்தவங்களை நிறுத்துற அதே கோட்டுக்கு இந்தப் பக்கம் என்னை நிறுத்திட்டாங்க. பல்லுன்னு நெனச்சேனே — பல்லுன்னு —

மார்ச் 12
கண் திறந்தாள்! அடைப்பை நீக்கிவிட்டார்களாம். முதல் கேள்வி: "சாப்பிட்டீங்களா?" தூக்கு நேற்றிலிருந்து என் நாற்காலிக்கு அடியில் கிடக்கிறது. வயிறு முட்டச் சாப்பிட்டேன் என்றேன்.

மார்ச் 17
வீட்டுக்கு வந்துவிட்டாள்! மச்சான் குடும்பத்தோடு பார்க்க வந்தான். கதையை மூன்று தடவை சொன்னேன். மூன்றாவது தடவை நாற்காலியின் ஒரு சக்கரம் கழன்றே ஓடியது. பிள்ளைகள் வாயைப் பிளந்தன. "மாமா, அத்தையைப் பாத்ததுமே தெரிஞ்சிடுச்சா?" தெரிந்தது என்றேன். அவள் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். தோள் குலுங்கியது, சிரிப்புத்தான்.

இப்போது எல்லாரும் போய்விட்டார்கள். அவள் தூங்குகிறாள்.

அந்த 'ஒரே பார்வை' நான் சேர்த்தது. வேர்வையைப் பார்த்து, வெளியில் வெயில் அதிகமா என்றுதான் கேட்டேன். அவள்தான் தூக்கை என் கையில் கொடுத்தாள். தானே சக்கர நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"என்னங்க, தினம் சாப்பிடறப்ப சொல்லுவீங்களே, நெஞ்சைப் பிடிக்காம வர்ற ஆளுன்னு. அது நான்தான்னு நெனக்கிறேன். தள்ளுங்க."

தள்ளியது நான்தான். அது நிஜம்.