நீங்கள் எனக்காகப் போட்ட கையெழுத்து

என்னங்க,

எங்கே இருக்கிறீர்கள் என்று கேட்கவில்லை. உங்கள் தம்பி கையில் இதைக் கொடுத்தனுப்புகிறேன். மகளுக்குக் காய்ச்சல் விட்டுவிட்டது.

அப்பா எனக்கு எழுதிவைத்த வீட்டை உங்களிடம் வாங்கியவர் நேற்று வக்கீலோடு வந்தார். பத்திரத்தில் ‘மனைவிக்காக’ என்று நீங்கள் போட்ட கையெழுத்தைக் காட்டி, “உங்க சம்மதத்தோடதான் போட்டாரா?” என்று கேட்டார்.

வக்கீல் நிதானமாகச் சொன்னார்: “இல்லைன்னா இந்த விற்பனை உங்களைக் கட்டாதும்மா, வீடு உங்களுக்கே. ஆனா பொய் சொல்லி வித்ததுக்கு அவர் ஜெயிலுக்குப் போவார். இப்ப சம்மதம்னு எழுதிக் கொடுத்தா, அன்னைக்கே சம்மதிச்ச மாதிரி ஆயிடும்.”

மகளை நினைத்துக்கொண்டேன். எழுதிக் கொடுத்துவிட்டேன்.

மாதக் கடைசிக்குள் வீட்டைக் காலி செய்கிறோம். நீங்கள் இனி ஒளிந்திருக்க வேண்டாம். உங்களை யாரும் தேட மாட்டார்கள். நாங்களும் தேட மாட்டோம்.

உங்கள் மகளின் அம்மா