முன்னச்சு ஒரு கணக்கு, பின்னச்சு ஒரு கணக்கு

ஜனவரி 4, ஞாயிறு

ஜீப்பின் பின் அச்சுக்கு வேறு டிபரன்சல் போட்டாயிற்று. என்னைவிட நாலைந்து வயது இளைய லேன்ட் ரோவர். இதுவரை நாலந்தா ரோட்டில் போனால் பின்னால் வரும் த்ரீவீலர்காரன்கூட ஹோர்ன் அடித்து முந்துவான். பழைய டிபரன்சலின் பல்லுச் சக்கரம் மெதுவானது. மலை ஏற நல்லது, ஊர் போய்ச் சேர நல்லதில்லை. மச்சான் அன்ஸார் உடைசல் யார்டில் தேடி வேகமான பல் ஒன்று கொண்டு வந்தார். ஒன்றுதான் கிடைத்தது. முன் அச்சில் பழையதே இருக்கிறது.

"ரெண்டுக்கும் ஒரே பல்லுக் கணக்கு ஈக்கணும்டு சொல்றாங்க மச்சான்" என்றார்.

"கணக்கா? நான் எட்டாம் வகுப்பில பதினேழு மார்க் எடுத்தவன். எனக்கு முன்னால கணக்கு பேசாதீங்க."

சிரித்துவிட்டார். ஆளைச் சிரிக்க வைத்துவிட்டால் வாதத்தில் வென்றமாதிரி எனக்கு. என் கடையில் மிளகு வாங்குவதும் இப்படித்தான்.

ஜனவரி 7, புதன்

நாவுல டவுன் வரை ஓட்டிப் பார்த்தேன். பறக்கிறது. மனைவி ஹமீமா முக்காட்டை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, "இந்த வயசில யார்ட்ட காட்டப் போறீங்க?" என்றாள். கடைத்தெரு முழுவதற்கும் காட்டினேன்.

ஜனவரி 10, சனி

வீட்டு வாசலில், நாலு சக்கரமும் சேர்ந்து இழுக்க, போர் வீல் லீவரைப் போட்டுப் பார்த்தேன்.

ஐந்தடி போயிருக்கும். டயர்கள் கிறீச்சிட்டன, ஜீப் முதுகைக் கூனிக்கொண்டு திமிறியது, அடியில் எங்கோ 'டக்' என்று ஒரு சத்தம். நிறுத்திவிட்டேன். லீவர் திரும்பி வர மறுத்தது. ரிவர்ஸில் கொஞ்சம் எடுத்த பிறகுதான் விட்டது.

இப்போது புரிகிறது. இழுவையைப் பிரித்துக் கொடுக்கும் ட்ரான்ஸ்பர் பெட்டியில் இருந்து முன்னுக்கு ஒரு ஷாஃப்ட், பின்னுக்கு ஒரு ஷாஃப்ட். இரண்டும் ஒரே வேகத்தில் சுற்றும். ஆனால் பின் சக்கரம் ஓடப் பார்க்கிறது, முன் சக்கரம் நடக்கத்தான் வரும் என்கிறது. கல்யாணமான புதிதில் நானும் ஹமீமாவும் போல. நல்ல வேளை, எங்களுக்குள் உடைய இரும்பு இருக்கவில்லை.

அந்த 'டக்' எங்கிருந்து வந்தது? படுத்துப் பார்த்தேன். வெளியே ஒன்றும் தெரியவில்லை.

ஜனவரி 11, ஞாயிறு

முன் ஷாஃப்டைக் கழற்றி, கராஜில் மிளகுச் சாக்குக்குக் கீழே வைத்துவிட்டேன். இனி யார் லீவரை இழுத்தாலும் ஒன்றும் ஆகாது. ஒன்றும் ஆகாது என்றால் — போர் வீலும் ஆகாது. பொருத்தமான முன் டிபரன்சல் கிடைக்கும் வரைதானே. அன்ஸாருக்கும் சொல்லவில்லை. சொன்னால் பெருநாள் வரை வைத்துச் சிரிப்பார்.

ஜனவரி 18, ஞாயிறு

மகள் நிஹ்லா பல்லேகமவில் விவசாயப் போதனாசிரியர். கிழமை நாளில் அங்கேயே தங்குகிறாள். போன மழையில் பாதைகள் உடைந்ததில் இருந்து, மேலே உள்ள கிராமங்களுக்கு அவளுடைய ஸ்கூட்டி ஏறாது. ஒரு கிழமைக்கு ஜீப்பைக் கேட்டாள்.

"போர் வீல் நல்லா வேலை செய்யுதா வாப்பா?"

"யார் செஞ்ச வேலை?" என்றேன்.

அது பதில் இல்லை. அவளுக்குப் பதில் மாதிரிக் கேட்டது.

"தார் ரோட்டிலேயே ஓட்டு" என்றும் சொன்னேன். "தார் ரோட் ஈக்கிற ஊருக்கு எனக்கு ஜீப் என்னத்துக்கு?" என்று சிரித்தாள். நானும் சிரித்தேன். ஏன் சிரித்தேன்?

ஜனவரி 21, புதன்

மழை. நிஹ்லா போன் எடுத்தாள். கிளட்ச்சை விடும்போதெல்லாம் பின்னால் 'டிக்' என்று கேட்கிறதாம்.

"பழைய ஆள், ஏதாவது முனகும்" என்றேன்.

"உங்களப் போல" என்றாள்.

ஜனவரி 23, வெள்ளி

ஜும்ஆவில் குத்பா பிரசங்கம் ஓடிக்கொண்டிருக்கிறது. என் மனம் ஜீப்புக்கு அடியில் படுத்திருக்கிறது. அப்போதுதான் தோன்றியது: ஹேண்ட் பிரேக்.

இந்த ஜீப்பில் அது சக்கரத்தைப் பிடிப்பதில்லை. ட்ரான்ஸ்பர் பெட்டிக்குப் பின்னால் பின் ஷாஃப்டைத்தான் பிடிக்கிறது. அன்றைய 'டக்' பின் அச்சுக்குள் இருக்கும் தண்டு முறுகிய சத்தமாக இருந்தால்? அது ஏற்றத்தில் உடைந்தால் இழுவை இல்லை, கியர் பிடிக்காது, ஹேண்ட் பிரேக்கும் பிடிக்காது. முன் ஷாஃப்ட் இருந்தால் முன் சக்கரமாவது பிடிக்கும். அதுதான் சாக்குக்குக் கீழே கிடக்கிறதே.

தொழுதேனா என்று தெரியவில்லை. வெளியே வந்து போன் போட்டேன். எடுபடவில்லை. அந்தப் பக்கம் சிக்னல் இல்லை, அது வழக்கம்தான். வழக்கம்தான். அவளுடைய அலுவலகத்துக்குப் போட்டேன். "மிஸ்ஸும் சிவதர்ஷினி மிஸ்ஸும் காலையிலயே ஜீப்பில மேல போய்ட்டாங்களே."

கடையில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். கை சும்மா இருக்க மாட்டேன் என்கிறது.

அஸர் தொழுகைக்குப் பிறகு அவளே போன் எடுத்தாள். "வாப்பா, எனக்கு ஒண்டுமில்ல" என்று ஆரம்பித்தாள். அப்படி ஆரம்பித்தால் வேறு யாருக்கோ என்று அர்த்தம்.

ஜனவரி 25, ஞாயிறு

சேற்று ஏற்றம். லீவரைப் போட்டுக்கொண்டுதான் ஏறினாளாம். பாதியில் பெரிய சத்தம். எஞ்சின் உறுமியதாம், சக்கரம் சுற்றவில்லையாம். ஹேண்ட் பிரேக்கை இழுத்திருக்கிறாள், ஒன்றுமில்லை. இரண்டு காலாலும் பிரேக்கை மிதித்தும் ஜீப் சேற்றில் பின்னுக்கு வழுக்கிக்கொண்டே போயிருக்கிறது.

பக்கத்தில் இருந்த, அவளோடு வேலை செய்யும் சிவதர்ஷினி, "நீர் காலை எடுக்காதேயும்" என்று சொல்லிவிட்டுக் குதித்து, பின் சக்கரத்துக்குக் கல் வைத்திருக்கிறாள். மலைப் பாதையில் எல்லோரும் செய்வதுதான். கல் சறுக்கியது. கையை எடுக்க நேரம் கிடைக்கவில்லை.

ஜீப் மண்மேட்டில் மோதி நின்றது. சிவதர்ஷினி கண்டி ஆஸ்பத்திரியில். வலது கையில் மூன்று விரல் இல்லை.

"நான் லீவரச் சரியாப் போடல்ல போல வாப்பா. ரெண்டு தரம் இழுத்தேனே" என்கிறாள் நிஹ்லா. அதையே திரும்பத் திரும்ப.

ஏதாவது பகிடி சொல்லி அவள் முகத்தை மாற்றத் தேடினேன். அவள் பிறந்த இருபத்தாறு வருஷத்தில் முதல் தடவை ஒன்றும் வரவில்லை.

ஜனவரி 28, புதன்

சாக்கைத் தூக்கி நிஹ்லாவுக்கு ஷாஃப்டைக் காட்டினேன். எல்லாவற்றையும் சொன்னேன்.

"நான் கேட்ட நாள் இது கழண்டா ஈந்த?"

"ஓம்."

உள்ளே போய்விட்டாள்.

பெப்ரவரி 1, ஞாயிறு

சிவதர்ஷினியின் தகப்பனார் தர்மராஜா ஐயாவின் வீட்டுக்குப் போனேன். மாவட்டக் கச்சேரி அலுவலகத்தில் வேலை செய்து ஓய்வு பெற்றவர். கதிரை தந்தார். உட்காராமல் சொன்னேன். முடித்ததும் கேட்டார்.

"உங்கட மகளுக்கு முதலே தெரியுமோ?"

"தெரியாது ஐயா. நான் சொல்லல்ல."

"அப்ப அவவை வரச் சொல்லுங்கோ. பிள்ளை அவவைத் தேடுறா." கதவு வரை வந்தார். "நீங்கள் வராதேங்கோ."

பெப்ரவரி 14, சனி

நிஹ்லா சனிக்கிழமைகளில் அங்கே போகிறாள். கடைக்கு முன்னால்தான் பஸ் ஏறுகிறாள். என் பக்கம் பார்ப்பதில்லை.

மார்ச் 29, ஞாயிறு

பெருநாளுக்கு ஸலாம் சொன்னாள். அதற்குப் பிறகும் வேறு பேச்சில்லை.

இன்று ஜீப்பைப் பார்க்க நாவுலயில் இருந்து றிஸ்வான் என்று ஒருவர் வந்தார். தோட்டத்துக்கு வேண்டுமாம். இவரோடு மூன்றாவது ஆள். சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு, அண்ணன் முறை வைத்துக் கேட்டார், "நானா, போர் வீல் வேலை செய்யுதா?"

நிஹ்லா உள்ளே ஜன்னலோரம் துணி மடித்துக்கொண்டிருந்தாள்.

"இல்ல தம்பி" என்றேன். முன்னுக்கு ஒரு பல், பின்னுக்கு ஒரு பல் என்று சொன்னேன். பின் தண்டு உடைந்ததைச் சொன்னேன். முன் ஷாஃப்டைக் கொண்டுவந்து காலடியில் வைத்தேன்.

"விக்கிற ஆள் இப்படிப் பேசினா எப்படி நானா?" என்று அவர் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. வேறென்ன சொல்ல இருக்கிறது என்று நின்றேன்.

ஜன்னலில் இருந்து குரல் வந்தது.

"ஹேண்ட் பிரேக்கப் பத்தியும் சொல்லுங்க வாப்பா."

சொன்னேன்.