வெந்நீர் அடுப்பில் வெந்த பருப்பு

என் சரசுவுக்கு,

நீ இருந்தவரை உனக்கு நான் கடிதம் எழுதியதேயில்லை. ஒரே வீட்டில் இருப்பவளுக்கு எதற்குக் கடிதம் என்று இருந்துவிட்டேன். இன்று அன்பாக நாலு வரி எழுதலாம் என்றுதான் உட்கார்ந்தேன். மேலே உன் பெயரை எழுதி முடித்ததும் பேனா நின்றுவிட்டது. நீ என் சரசுதானா என்று ஒரு சந்தேகம்.

இதை மற்றவர்களும் படிக்கப் போகிறார்கள். படிக்கட்டும். என் பேச்சை நம்பித் தங்கள் பிள்ளைகளுக்குச் சோறூட்டியவர்கள் நமுனுகுலத் தேயிலைத் தோட்டங்கள் பக்கம் இன்னும் இருக்கிறார்கள். அவர்களுக்கும் சேர்த்துத்தான் எழுதுகிறேன்.

முதலில் வீட்டு நிலவரம். நீ போன பிறகு நம் மலர் பண்டாரவளையில் இருந்த வாடகை வீட்டை விட்டுவிட்டு, கயலையும் கூட்டிக்கொண்டு இங்கேயே வந்துவிட்டாள். மாப்பிள்ளை இன்னும் கட்டாரில்தான். மலருக்கு பதுளையில் வேலை. காலையில் முதல் பஸ்ஸைப் பிடித்தால், திரும்பி வரும்போது பொழுது சாய்ந்துவிடும். கயலை பள்ளிக்கூடத்தில் இருந்து கூட்டிவந்து பகல் சோறு கொடுப்பது என் பொறுப்பு. மலர் கேஸ் அடுப்பு வாங்கி வைத்திருக்கிறாள். எனக்கு அதைப் பற்றவைக்கப் பயம் என்பது உனக்குத் தெரியும். நான் விறகடுப்பில்தான் சமைக்கிறேன்.

கயலுக்கு ஆறு வயது. அவளுக்கும் மலருக்கு இருந்த அதே குணம். சோப்பை மாற்றினால் குளிக்க மாட்டாள். பஸ்ஸில் யாராவது வெற்றிலை போட்டுக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தால் ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டிவிடுவாள். புதுப் பாடப்புத்தகத்தைக் கொடுத்தால் முற்றத்துக் கொடியில் துணி மாதிரி காயப் போடச் சொல்கிறாள். பருப்பு, கருவாடு, சம்பல், எதைத் தட்டில் வைத்தாலும் முதலில் மூக்கு. பிறகு குமட்டல்.

நான் கலங்கவில்லை. என் வாழ்க்கையில் நான் கலங்காமல் எதிர்கொண்ட விஷயம் இது ஒன்றுதான். ஏனென்றால் வழி எனக்குத் தெரியும் என்று நினைத்திருந்தேன். கரண்டி நுனியளவு பருப்பு. அதட்டக் கூடாது, கெஞ்சக் கூடாது. மறுநாளும் அதே நுனி. பழகியதும் கொஞ்சம் கூட்ட வேண்டும். ஆசிரியர் பயிற்சிக் கலாசாலையில் படித்ததை வைத்து நானே யோசித்து உண்டாக்கிய முறை. மலருக்குப் பலித்த முறை. அப்படித்தானே நீ சொன்னாய்?

பின்னேரம் நான் மாலை வகுப்பு முடித்து வீட்டுக்கு வரும்போது, வாசலிலேயே நின்று சொல்வாயே, “மலர் அப்பா, இன்னைக்கு முழுக் கரண்டி பருப்பையும் தின்னுட்டா. நீங்க சொன்னது சரிதாங்க” என்று. அந்த வாசல் பக்கம் இப்போது போகவே பிடிக்கவில்லை.

போன மாதம் ஒரு பகல். கயல் தட்டின் முன்னால் உட்கார்ந்திருந்தாள். கரண்டி நுனி தாண்டி அரைக் கரண்டிக்கு வந்திருந்தோம். கண்ணில் தண்ணீர் முட்ட, ஒரு கவளத்தைக் கன்னத்தில் ஒதுக்கி வைத்திருந்தாள். நான் உற்சாகமாகச் சொன்னேன்: “ஒங்க அம்மாவும் ஆரம்பத்துல இப்படித்தான்டா. அப்புறம் பாரு, எல்லாத்தையும் சாப்பிட்டா.”

அவள் வாயில் இருந்ததைக் கையில் துப்பிவிட்டு என்னைப் பாவமாகப் பார்த்தாள்.

“இல்ல தாத்தா. அம்மா சாப்பிடல. பாட்டி வெந்நி அடுப்புல தனியா வேகவச்சுக் குடுப்பாங்களாம்.”

“யாருடா சொன்னா?”

“அம்மாதான். ஒங்ககிட்ட சொல்லக்கூடாதுன்னாங்க.” சொல்லிவிட்டு இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள். “ஐயோ, சொல்லிட்டேன்.”

நான் சிரிக்க முயன்றேன். அடுப்படியில் பருப்புச் சட்டி இன்னும் சூடாக இருந்தது. “இதுல அப்படி என்னடா நாறுது?” என்று கேட்டேன். “பருப்பு நாறல தாத்தா. கட்டை நாறுது. இருமல் மருந்து மாதிரி.” நான் சட்டிக்குள் முகத்தை வைத்து முகர்ந்து பார்த்தேன். எனக்குப் பருப்பு வாசம்தான் வந்தது.

டர்பன்டைன் கட்டை. தோட்டத்து மேட்டில் வெட்டிப் போட்ட டர்பன்டைன் மரத்தை, அந்தத் தைலமரத்தை, பிளந்து, அளவு பார்த்து, சுவரோரம் நான் அடுக்கி வைப்பேனே, அந்த விறகு. வீட்டுக்கு வருகிறவர்கள்கூட “விறகக்கூடப் புத்தகம் மாதிரி அடுக்கியிருக்காரே” என்று சொல்வார்கள். அந்தப் புகையின் தைல வாசம் சட்டிக்குள் இறங்கி, சோற்றிலும் பருப்பிலும் உட்கார்ந்துகொண்டிருந்திருக்கிறது. என் பிள்ளைக்குப் பருப்பு பிடிக்கவில்லை என்று நான் வருடக்கணக்காக நினைத்துக்கொண்டிருந்தேன்.

உனக்குத் தெரிந்திருக்கிறது. எப்போது தெரிந்தது, எப்படித் தெரிந்தது என்று நான் கேட்கப் போவதில்லை. கவ்வாத்து வெட்டி முடித்த மலையில் காய்ந்து கிடக்கும் தேயிலைக் குச்சிகளை, அந்த மிலாறை, நீ கட்டுக்கட்டாகத் தலையில் சுமந்து வருவாய். “வெந்நி போடத்தாங்க. கட்டைய எதுக்கு வீணாக்கணும்?” என்பாய். என் மனைவி எவ்வளவு சிக்கனம் என்று பெருமைப்பட்டேன். குளிப்பறைக்குப் பின்னால் இருந்த அந்த வெந்நீர் அடுப்பில் மிலாறு எரித்து, பிள்ளைக்குத் தனிச் சட்டி வைத்திருக்கிறாய். தாளிப்பும் இல்லை, மாசிக் கருவாடும் இல்லை. பிறகு அதை என் கண் முன்னால், என் பருப்பு மாதிரியே, அவள் தட்டில் ஊற்றியிருக்கிறாய். ஞாயிற்றுக்கிழமைகளில் நான் பக்கத்தில் உட்கார்ந்து, அவள் சாப்பிடுவதை என் வெற்றியாகப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அன்று மாலை மலர் வந்து செருப்பைக் கழற்றுவதற்குள் கேட்டுவிட்டேன். அவள் மறுக்கவில்லை. களைத்துப் போய் அடுப்படிப் பலகையில் உட்கார்ந்தாள்.

“கயலுக்கும் காலையில நான் கேஸ் அடுப்புல செஞ்சு, ஸ்கூல் பேக்ல வச்சுத்தாம்ப்பா அனுப்புறேன். வர்றதுக்கு முன்னாடியே சாப்பிட்டுருவா.”

“அப்ப என் கரண்டிப் பருப்பு?”

“சும்மா ஒரு வாய் வச்சுக்கன்னு சொன்னேன். தாத்தா சந்தோசப்படுவாருன்னு.”

கேட்டாயா சரசு? ஆறு வயதுப் பிள்ளைக்கு, தாத்தாவைச் சந்தோசப்படுத்த எப்படி விழுங்க வேண்டும் என்று பாடம் நடக்கிறது இந்த வீட்டில். நீ மலருக்குக் கற்றுக்கொடுத்தாய், மலர் கயலுக்குக் கற்றுக்கொடுக்கிறாள்.

“ஒங்க அம்மா எனக்குப் பயந்தாளாம்மா?” என்று கேட்டேன். கேட்கும்போதே எனக்கு வெட்கமாக இருந்தது. கல்விக் கந்தோர் பியூனுக்குக்கூட எழுந்து நின்றவன் நான். பின்வாங்கு மாணவர்கள் நான் கரும்பலகைப் பக்கம் திரும்பும்வரைகூடக் காத்திருக்க மாட்டார்கள். என்னைப் பார்த்து இந்த உலகத்தில் ஒருவர் பயந்திருந்தால், அது என் மனைவியாகவா இருக்க வேண்டும்?

மலர் நிமிர்ந்து பார்த்தாள். “பயமெல்லாம் இல்லப்பா. நீங்க ஒடஞ்சு போயிருவீங்கன்னு. சாகுறதுக்கு முன்னாடிகூட அம்மா என் கையப் புடிச்சுக்கிட்டுச் சொன்னாங்க, அப்பாகிட்ட சொல்லிராத, வாழ்க்கையில உருப்படியா ஒண்ணு செஞ்சேன்னு அவரு நெனச்சுக்கிட்டு இருக்கறது அது ஒண்ணுதான்னு.”

அது ஒண்ணுதான்.

அந்தச் சொல்லோடு ஒரு மாதமாகக் குடியிருக்கிறேன். நீ பயந்து மறைத்திருந்தால் நான் தாங்கியிருப்பேன். நீ இரக்கப்பட்டு மறைத்திருக்கிறாய். இந்த வீட்டில் நீ இரண்டு பேருக்குத் தனிச் சமையல் செய்திருக்கிறாய். புகை வாசம் தாங்காத பிள்ளைக்கு வெந்நீர் அடுப்பில் ஒரு சட்டி. உண்மை தாங்காத புருஷனுக்கு வாசலில் ஒரு பொய். அவளாவது கடைசியில் தன் வயிற்றுக்கு ஏற்றதைச் சாப்பிட்டாள். நான் என்ன சாப்பிட்டேன்?

ஒருவேளை நான் கேட்கிற ஆளாக உனக்குத் தெரியவில்லையோ? இருக்கலாம். எதிலும் என் பக்கம் சரி என்று எனக்கு எப்போதும் நிச்சயமில்லை. ஆனால் இதைக் கேட்க விடு. செல்வி வந்தாளே, ஞாபகம் இருக்கிறதா? அஞ்சாம் லயத்துச் செல்வி, மலரைப் போலவே எதையும் முகர்ந்து தள்ளும் மகனை இழுத்துக்கொண்டு மழையோடு வந்தாள்.

“சேர், நீங்க சொன்ன மாதிரிதான் குடுத்தேன். வாந்தி வாந்தியா எடுக்குறான் சேர். வயித்துல ஒண்ணும் தங்க மாட்டேங்குது.”

நான் என்ன சொன்னேன்? “ஒங்களுக்குப் பொறுமை பத்தாது செல்வி. எங்க வீட்டுல பாருங்க, சரசு எவ்வளவு நிதானமா பழக்கிட்டா.” நீ அப்போது தட்டில் ப்ளேன்டீயோடு வந்து நின்றாய். அவளுக்கு ஒரு கோப்பை, எனக்கு ஒரு கோப்பை. பையனுக்கு ஒரு பிஸ்கட் கொடுத்தாய். அவன் அதை முகர்ந்து பார்த்துவிட்டுத்தான் கடித்தான். நீயும் பார்த்தாய். ஒரு வார்த்தை சொல்லவில்லை. செல்வி தலையைக் குனிந்துகொண்டு, “சரிங்க சேர், இன்னும் பாக்குறேன்” என்று போனாள். அவள் பின்னாலேயே வாசல் படலை வரை போயாவது, “புள்ளைய வதைக்காத, வெறகப் பாரு” என்று சொல்லியிருக்கக் கூடாதா? என் மானம் அந்தப் பையனின் வயிற்றைவிடப் பெரிதா உனக்கு?

செல்வி இப்போது எங்கே இருக்கிறாள் என்று தெரியவில்லை. ஹல்துமுல்லைப் பக்கம் போய்விட்டதாகச் சொல்கிறார்கள். எங்காவது இதைப் படித்தால் அவளுக்குத் தெரியட்டும். அவளுடைய பொறுமையில் குறை இல்லை. என் முறை யாருக்கும் பலிக்கவில்லை.

மலரிடம் கேட்டதற்கு மறுவாரம் நம் மேல்மலையில் கவ்வாத்து முடிந்தது. நானே போய் மிலாறு பொறுக்கினேன். கட்டத் தெரியாமல் பாதி வழியிலேயே உதிர்ந்துவிட்டது. வேலை முடிந்து வந்த பெண்கள் நின்று சிரித்தார்கள். “என்னங்க சேர், இந்த வயசுல வெறகுக்கு வந்துட்டீங்க?” என்று ஒருத்தி கட்டிக் கொடுத்தாள். வெந்நீர் அடுப்பில் சாம்பலை வாரிப் போட்டுவிட்டு, உப்பும் மஞ்சளும் மட்டும் போட்டுப் பருப்பு வைத்தேன். கயல் தூரத்தில் நின்று முகர்ந்தாள், கிட்டே வந்து முகர்ந்தாள். “இது நாறல தாத்தா” என்றாள். பிறகு உட்கார்ந்து, தன் பாட்டுக்குச் சாப்பிட்டாள். அவ்வளவுதான். அதற்கு முறையும் வேண்டியிருக்கவில்லை, பயிற்சியும் வேண்டியிருக்கவில்லை.

நான் அதை வாயில் வைக்கவில்லை. உன் மேல் இருந்த கோபத்தில் சட்டியைக் கழுவி வைத்துவிட்டேன்.

அடுத்த வாரம் உன் தலைத்திவசம். நான் மதினி என்று கூப்பிடும் உன் அக்கா நேற்றே பையும் படுக்கையுமாக வந்துவிட்டார். வந்ததும் சமையல் பேச்சு. நெத்தலிக் கருவாடு, கத்தரிக்காய் போட்டுக் குழம்பு, மாசிச் சம்பல். உனக்குப் பிடித்ததெல்லாம் இலையில் விழ வேண்டும்.

“படையல் சோத்துல வீட்டுல உள்ளவங்க எல்லாரும் ஒரு வாய் திங்கணும், மாஸ்டரு. இந்தக் குட்டியும்தான். மூக்கப் புடிச்சுக்கிட்டு ரெண்டு வாய் ஊட்டுனா எறங்கிரும்” என்றார்.

கயல் என் முதுகுக்குப் பின்னால் வந்து சட்டையைப் பிடித்துக்கொண்டாள். மலர் என்னைப் பார்க்கவில்லை. கேஸ் அடுப்பைப் பார்த்தாள். எனக்குப் புரிந்துவிட்டது. திவசத்தன்று ஒளித்துவைக்க இன்னொரு சட்டிக்கு அவள் மனசுக்குள் இடம் தேடிக்கொண்டிருக்கிறாள். உன் மகள்.

உன் அக்காவுக்கு நான் ஒருநாளும் எதிர்ப்பேச்சுப் பேசியதில்லை. நம் கல்யாணப் பந்தலில் எனக்கு வேட்டி சரியாகக் கட்டத் தெரியவில்லை என்று அவர் எல்லார் முன்னாலும் சொன்னதில் இருந்தே அவரைக் கண்டால் நான் கொல்லைப்பக்கம் நழுவிவிடுவேன். நேற்று நழுவவில்லை.

“கருவாடு இல்ல மதினி” என்றேன்.

“என்ன?”

“இந்தத் தெவசத்துக்குப் பருப்பும் சோறும்தான். வெந்நி அடுப்புல. நானே வைக்கிறேன்.”

“பைத்தியமா ஒங்களுக்கு? என் தங்கச்சி வாய்க்கு ருசியா ஒண்ணு வைக்காம என்னங்க தெவசம்? ஊரு என்ன சொல்லும்?”

“கயலுக்கு நாத்தம் ஒத்துக்காது. மலருக்கும் ஒத்துக்காது. அவ ஒருநாளும் எல்லாத்தையும் சாப்பிட்டவ இல்ல. ஒங்க தங்கச்சி என்கிட்ட பொய் சொன்னா.” குரல் நடுங்கியது. ஆனால் முழுதாகச் சொல்லி முடித்துவிட்டேன். மதினி மலரைப் பார்த்தார். மலர் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, “ஆமா பெரியம்மா” என்றாள்.

நான் உடைந்து போகவில்லை சரசு. நின்றுகொண்டுதான் இருந்தேன். நீ இருந்து பார்த்திருக்க வேண்டும். நீ இருக்கும்போதே ஒருதரம் சோதித்துப் பார்த்திருக்க வேண்டும்.

மதினி இன்னும் என்னோடு பேசவில்லை. கயல் மட்டும் இன்று பகல் தட்டைத் தள்ளிவிட்டு, என் முகத்துக்கு நேரே சொன்னாள்: “தாத்தா, இன்னைக்கு சோறு அடிப்பிடிச்ச வாசம். எனக்கு வேணாம்.” அவளுக்குப் பயமும் இல்லை, இரக்கமும் இல்லை. இத்தனை வருடத்தில் இந்த வீட்டில் எனக்குத் தயங்காமல் பரிமாறப்பட்ட முதல் உண்மை அது. சட்டியைத் திரும்ப வைத்தேன்.

ஆகவே உனக்கு ஒரு வாக்கு. இந்தப் பிள்ளை எனக்காக எதையும் விழுங்க வேண்டியிருக்காது, எதையும் ஒளிக்க வேண்டியிருக்காது. திவசத்தன்று உன் படத்துக்கு முன்னால் இலை போடுவேன். உனக்குப் பிடித்த கருவாடு அதில் இருக்காது. என்னிடம் மறைத்துப் பிள்ளைக்கு நீ வைத்தாயே, அந்தப் பருப்புதான் இருக்கும். கோபித்துக்கொள். எனக்கும் கோபம்தான், இன்னும் ஆறவில்லை. ஆனாலும் கும்பிட்டு எழுந்ததும் முதல் கவளத்தை நான்தான் எடுப்பேன். அந்தச் சட்டிப் பருப்பை இத்தனை வருடத்தில் ஒரு வாய்கூட எனக்கு நீ தரவில்லையே.

நீ வாசலில் நின்று கூப்பிட்ட பெயரிலேயே,
மலர் அப்பா