கயிற்றோடு மலை இறங்கலாம்

மச்சான்,

இன்று காலை காபி டம்ளருக்குப் பக்கத்தில் உன் கயிற்றைக் கொண்டுவந்து வைத்தாள் உன் தங்கச்சி. சாமை விதை போட்டு வைக்கிற தகர டின்னுக்குள், வேப்பிலைச் சருகோடு சருகாக, இத்தனை வருஷம் அதை வைத்திருந்தாள். மஞ்சள் வெளுத்துவிட்டது. நூல் பிரிந்து, முடிச்சு மட்டும் இறுகிக் கிடந்தது. எடுத்து மோந்து பார்த்தேன். வேப்பிலைதான் மணத்தது. உன் பீடி வாசம் கொஞ்சமாவது ஒட்டியிருக்குமா என்று தேடிய என் மூக்கை நினைத்து எனக்கே சிரிப்பு வந்தது.

இன்றைக்கு நம் ஊர்க் கோயில் திருவிழா, நோம்பி. குடியை விடுகிறவர்களுக்குக் கயிறு கட்டும் நாள். அவள் ஏன் எடுத்து வைத்தாள் என்று கேட்கத் தேவையில்லை.

கயிற்றுச் சட்டம் உனக்குத் தெரியாததல்ல. இருந்தாலும் இன்னொரு முறை சொல்கிறேன். சொல்லச் சொல்லக் கோபம் வரும், அந்தக் கோபம் எனக்கு வேண்டும். குடியை விட நினைக்கிறவன் பூசாரி முன்னால் கையை நீட்ட வேண்டும். அவர் மஞ்சள் கயிறு கட்டுவார். கட்டிய நொடியிலிருந்து ஒரு சொட்டும் தொடக் கூடாது. அமாவாசை வரைக்கும் மலை இறங்கக் கூடாது, ஊசி மாத்திரை ஆகாது. வாக்கைக் காப்பாற்றினவனின் கயிற்றை அமாவாசையன்று அவிழ்த்து, கோயில் நாவல் மரத்தில் கட்டித் தொங்கவிடுவார்கள். கீழே போனால் சாராயக் கடை கண்ணில் படும் என்று அந்தக் காலத்தில் யாரோ நல்ல எண்ணத்தில்தான் மலை இறங்கத் தடை போட்டிருப்பார்கள். அப்புறம் கடையே மலை ஏறி வந்துவிட்டது. சட்டம் மட்டும் இருந்த இடத்தைவிட்டு நகரவில்லை.

நாம் குடிக்க ஆரம்பித்ததைப் பற்றி எனக்கு அழுகை ஒன்றும் கிடையாது. மிளகு பறிப்பு நாட்களில் எல்லாரும் குடித்தார்கள், நாமும் குடித்தோம். கால் வைக்கக் கிளைகளைக் கொஞ்சம் கொஞ்சம் விட்டு நறுக்கிய அந்த ஒற்றை மூங்கில் ஏணியை நீதான் வெட்டிக்கொண்டு வந்தாய். மிளகுக் கொடி படர்ந்த சில்வர் ஓக் மரத்தில் சாத்தி, இடுப்பில் பையைக் கட்டிக்கொண்டு உச்சிக் கொடி வரைக்கும் நீ ஏறுவாய். நான் பாதியில் நின்றால் மேலிருந்து சத்தம் போடுவாய்: "என்ன மாப்ள, மரத்துக்கு முத்தங் குடுக்கிறியா? ஏறு, ஏறு!" அந்தக் காலத்தில் சாயங்காலம் மட்டும்தான் குடி.

அது எப்போது காலைக்கு வந்தது? எனக்கு நினைவில்லை. உனக்கும் இருந்திருக்காது. விடிந்ததும் உன் கை நடுங்கும். நடுங்குகிற கையோடு ஏணி ஏற முடியாது. "ஒரு கட்டிங் உட்டாத்தான் கை நிக்கும் மாப்ள" என்பாய். உள்ளே போனதும் கை நிற்கும். பிறகு யாரைவிடவும் வேகமாக மிளகு பறிப்பாய். அதனால் அதை மருந்து என்றே எல்லாரும் நினைத்தோம். நடுக்கத்துக்கு மலைக்குளிர் என்று பேர் வைத்தோம். நம் மலையில், வாழவந்தி நாட்டுப் பனியில் யாருக்குத்தான் நடுங்காது என்று கேட்டோம். சித்திரையிலும் உனக்கு நடுங்கியது. அதை ஒருவரும் யோசிக்கவில்லை.

உன் மகள் பெரியவளான வருஷம் நீயாகத்தான் போய்க் கையை நீட்டினாய். யாரும் தள்ளவில்லை. கயிறு கட்டியதும் திரும்பி என்னைப் பார்த்து, "இனி நம்ம கணக்கு தீந்துச்சு மாப்ள, நீ தனியாக் குடிச்சுக்க" என்று கண்ணடித்தாய். அன்று சாயங்காலமே உனக்கு வேர்த்துக் கொட்டியது. மறுநாள் சோறு இறங்கவில்லை, படுத்தால் தூக்கமில்லை. அதற்கடுத்த நாள் பட்டப்பகலில், உன் மேல் எறும்பு ஊர்கிறது என்று கையால் தட்டித் தட்டி விட்டாய். செத்துப்போன உன் அப்பாவைப் பேர் சொல்லிக் கூப்பிட்டாய். சாமி வந்துவிட்டது என்றார்கள். உடுக்கை அடித்தார்கள். நீ தட்ட, அவர்கள் அடிக்க, ஊரே கும்பிட்டு நின்றது. பிறகு வெட்டி இழுத்தது. அப்போதும், அமாவாசை வரட்டும், கயிற்றோடு மலை இறங்கினால் குடும்பத்துக்கு ஆகாது என்றார்கள். உன் வாயில் தீர்த்தம் ஊற்றிய பூசாரியின் கண்ணில் தண்ணீர் வந்ததை நான் பார்த்தேன். அவர் கெட்டவரில்லை. அதனால் உனக்கு என்ன லாபம்? அமாவாசை வருவதற்குள் நீ போய்விட்டாய்.

அதோடு விட்டார்களா? நீ ஒளித்துவைத்துக் குடித்திருப்பாய், அதனால்தான் சாமி கேட்டுவிட்டது என்று பேசினார்கள். பாடையில் வைக்கும் முன் உன் கயிற்றை அறுத்து எறிந்தார்கள். நாவல் மரத்தில் அதற்கு இடமில்லை என்றார்கள். புழுதியில் கிடந்ததை எடுத்து முந்தானையில் முடிந்துகொண்டாள் உன் தங்கச்சி.

இனி என் கதை. போன வருஷம் சித்திரையில் பலாப்பழ லோடோடு அடிவாரத்து முள்ளுக்குறிச்சிக்கு இறங்கினேன். மண்டையைப் பிளக்கிற வெயில். டீக்கடையில் கிளாசை வாங்கினேன், பாதி டீ சட்டையில். கடைக்காரர் சிரித்துக்கொண்டே, "என்னங்க, மலக்குளிர இங்கயும் கொண்டாந்துட்டீங்களா?" என்றார். அவர் விளையாட்டாகத்தான் கேட்டார். எனக்கு உன் கை ஞாபகம் வந்துவிட்டது. நேரே போய் ஒரு கட்டிங் போட்டேன். கை நின்றது. அது நின்றதுதான் எனக்குப் பயமாகிவிட்டது, மச்சான். குளிராக இருந்தால் சாராயத்தைக் கண்டதும் ஏன் ஓட வேண்டும்? நான் குடியைக் குடிக்கவில்லை, அது இல்லாமல் என் உடம்புக்கு விடியவே மாட்டேன் என்கிறது என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

தெரிந்தும் என்ன செய்தேன்? எனக்குத் தெரிந்த ஒரே வழியில் போனேன். போன நோம்பிக்குப் பூசாரி முன்னால் கையை நீட்டினேன். அவர் கயிற்றை எடுத்தார். கூட்டத்துக்குள்ளிருந்து உன் தங்கச்சி வந்து என் கையைப் பிடித்துக் கீழே இறக்கினாள்.

"எங்கண்ணன் கைல கட்டுனப்ப நானுந்தான் கும்புட்டு நின்னேனுங்க. இன்னிக்கு நிக்க மாட்டேன்" என்றாள்.

"உம் புருசன் குடிய உடறது உனக்குப் புடிக்கலியா?" என்று யாரோ கேட்டார்கள்.

"உடுவாருங்க. கீழ ஆஸ்பத்திரிக்குப் போயி உடுவாரு."

கோயிலே சிரித்தது. கயிற்றுக்குப் பயந்தவன் என்று எனக்குப் பேர் வைத்தார்கள். இருந்துவிட்டுப் போகட்டும். ஊர் வைத்த பேர்களிலேயே என்னைக் காப்பாற்றிய பேர் அதுதான்.

கீழே ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா சின்ன வயதுக்காரர். என் கையை நீட்டச் சொல்லிப் பார்த்தார். கடைசியாக எப்போது குடித்தேன், காலையில் குடிப்பதுண்டா, முன்னே எப்போதாவது வெட்டி இழுத்ததா என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். திட்டவில்லை. நான் உன் கதையைச் சொன்னேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்:

"அவர் ஒளிச்சுக் குடிச்சதால சாகலைங்க. உண்மையிலேயே நிறுத்திட்டார். தினம் குடிச்சுப் பழகின உடம்புல திடீர்னு நிறுத்தினா சில பேருக்கு இப்படித்தான் ஆகும். நடுக்கம், வேர்வை, இல்லாததெல்லாம் கண்ணுல தெரியறது, வலிப்பு. உசுருக்கே ஆபத்து. ஆனா மருந்து இருக்கு. பக்கத்துல வெச்சுப் பாத்துக்கிட்டா தாண்டிரலாம். நிறுத்தறது தப்பில்லைங்க. தனியா நிறுத்தக் கூடாது."

நான் அங்கேயே ஓவென்று அழுதேன். எனக்காக இல்லை. நீ வாக்குத் தவறவில்லை என்று சொன்ன முதல் ஆள் அவர். அதற்குள் எத்தனை நோம்பி போய்விட்டது!

எனக்கும் எறும்பு வந்தது, மச்சான். வார்டுச் சுவர் முழுக்க ஊர்ந்தது. நானும் கையால் தட்டினேன். நர்சம்மா வந்து, "எறும்பு இல்லீங்க. உங்களுக்கு அப்படித் தெரியுது. கொஞ்ச நேரத்துல போயிரும்" என்று என் கையைப் பிடித்துக்கொண்டு, சாமியைப் பற்றி ஒரு வார்த்தை பேசாமல் மருந்து கொடுத்தார். எறும்பு போய்விட்டது. அவ்வளவுதானா? அவ்வளவுதான். அந்த அவ்வளவுதானை நினைத்தால் இன்னும் எனக்கு வயிறு எரிகிறது.

வீட்டுக்கு வந்த பிறகு ஒரு தடவை சறுக்கினேன், மறைக்கவில்லை. ஊர் கைகொட்டிச் சிரித்தது. மறுபடி பஸ் ஏறினேன். டாக்டரம்மா மறுபடியும் திட்டவில்லை. மிளகுக் கொடியில் நாம் சறுக்காத சறுக்கலா? சறுக்கியவன் திரும்ப ஏறக் கூடாது என்று எந்த மரமும் சொன்னதில்லை. ஆசை இன்றைக்கும் வருகிறது. வந்தால் உன் தங்கச்சியிடம் வாய்விட்டுச் சொல்லிவிடுவேன். அவள் களைக்கொத்தைக் கையில் கொடுத்து மரவள்ளிக்கிழங்கு பிடுங்க அனுப்பிவிடுவாள்.

சரி, இன்றைக்கு நடந்ததற்கு வருகிறேன். காபியைக் குடித்துவிட்டு உன் மூங்கில் ஏணியைத் தோளில் போட்டேன். அவள் கயிற்றை எடுத்துக்கொண்டாள். கோயிலில் கயிறு கட்டி முடித்து எல்லாரும் பொங்கலுக்குக் காத்திருந்தார்கள். நான் போய் ஏணியை நாவல் மரத்தில் சாத்தினேன். அவள் அடியைப் பிடித்துக்கொண்டாள். ஏறினேன்.

"டேய், எறங்குடா! அது சத்தியம் காத்தவங்க மரம்டா!" என்று பூசாரி ஓடி வந்தார்.

"காத்தவன் கயிறுதாங்க சாமி இது" என்று மேலிருந்தே சொன்னேன். "எங்க மச்சான் ஒளிச்சுக் குடிக்கலைங்க. குடிய நிறுத்துனாரு, ஒடம்பு தாங்கல. மருந்து குடுத்திருந்தாப் பொழச்சிருப்பாரு. நாமதானுங்க அவர எறக்காம வெச்சிருந்தோம்."

யார் யாரோ கத்தினார்கள். ஏணியை இழு என்று ஒரு குரல். "இழுத்துப் பாருங்க" என்றாள் உன் தங்கச்சி. ஒருவரும் கிட்டே வரவில்லை. மற்றக் கயிறுகளெல்லாம் கைக்கெட்டும் கிளைகளில் தொங்குகின்றன. நான் உச்சிக்குப் போனேன். மெல்லிய கிளை, இரண்டு கையையும் விட்டுத்தான் கட்ட வேண்டும். விட்டேன். நடுங்கவில்லை, மச்சான். முடிச்சு மேல் முடிச்சாகப் போட்டேன். நீ கீழே நின்றிருந்தால் மரத்துக்கு முத்தங் கொடுக்கிறாயா என்று கேட்டிருக்க மாட்டாய்.

இறங்கி வந்தபோது பூசாரி அதே இடத்தில் நின்றிருந்தார். அடிப்பார் என்று நினைத்தேன். "எனக்கு இத யாரு சொன்னாங்க, கண்ணு?" என்றார். அவ்வளவுதான் கேட்டார். அவருக்கு ஆறுதல் சொல்ல எனக்கு இன்னும் மனசு வரவில்லை.

ஏணியைத் தூக்கும்போது ஒரு பெண் பக்கத்தில் வந்து நின்றாள். காலையில் கயிறு கட்டிக்கொண்டவனின் பெண்டாட்டி. அவன் கோயில் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தான். நேற்று ராத்திரியோடு நிறுத்தியவன், அதற்குள் சட்டை நனைந்துவிட்டது. பொங்கல் தொன்னை அவன் கையில் ஆடியது.

"ஏனுங்க, கயிறு கட்டியாச்சுங்களே. இனி எறங்கலாமுங்களா?" என்று என்னைக் கேட்டாள். கேட்டது என்னை, பார்த்தது பூசாரியை.

பூசாரி முகத்தைத் திருப்பிக்கொண்டார். வேண்டாம் என்று சொல்லவில்லை. எனக்கு அது போதும். சொல்லியிருந்தாலும் இறக்கியிருப்பேன்.

மத்தியான பஸ்ஸில் நான்கு பேரும் இறங்கினோம். வளைவுக்கு வளைவு அவன் என் தோளில் விழுந்தான். "கயித்தோட எறங்கறேன், எனக்கு ஒண்ணும் ஆகாதுங்களா?" என்று கேட்டுக்கொண்டே வந்தான். ஆகாமல் இருக்கத்தான் இறங்குகிறோம் என்று சொல்லிக்கொண்டே வந்தேன்.

இதை ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்து எழுதுகிறேன். வெளிச்சம் இன்னும் போகவில்லை. உள்ளே அவன் தூங்குகிறான். அவன் பெண்டாட்டியும் உன் தங்கச்சியும் டீ வாங்கப் போயிருக்கிறார்கள். நாங்கள் இங்கே வந்து சேர்ந்ததுமே நர்சம்மா குளுகோஸ் ஏற்ற அவன் கையைக் கேட்டார். அவன் கயிறு கட்டிய கையைப் போர்வைக்குள் ஒளித்துக்கொண்டு, "கயித்த அறுக்காதீங்க" என்று கெஞ்சினான். நர்சம்மா சிரித்தார்.

"எதுக்குங்க அறுக்கறேன்? இந்தக் கையில சாமி இருக்கட்டும். அந்தக் கையக் குடுங்க, ஊசி போட்டுக்கலாம்."

உனக்கும் இரண்டு கை இருந்ததே, மச்சான்.