புத்தூர் கட்டு

நகரி
12.11.2024

அன்புள்ள மாமாவுக்கு,

நந்திதா வணங்கி எழுதுவது. இங்கே உங்கள் மகனும் பேத்தியும் சௌக்கியம். ஆஸ்பத்திரி இட்லியைத் தினமும் திட்டுகிறீர்கள் என்று அங்கே உங்களுக்குத் துணையாக இருக்கிற அண்ணி சொன்னார்கள். திட்டுகிற தெம்பாவது இருக்கிறதே என்று சந்தோஷப்பட்டேன்.

போனில் சொல்லலாம் என்றால் நாற்பது வருஷப் பவர்லூம் சத்தத்தில் உங்கள் காது போய்விட்டது. உங்கள் மகனிடம் கொடுத்தனுப்பக்கூடிய கடிதமும் இல்லை இது. அண்ணி பக்கத்தில் இல்லாதபோது படியுங்கள்.

மூன்று ஞாயிறாக நான் வரவில்லை. காய்ச்சல் என்று சொன்னதெல்லாம் பொய். உங்கள் முகத்தைப் பார்க்க வெட்கமாக இருக்கிறது மாமா.

ஆடிக் கடைசியில், இடுப்பு வலிக்கிறது என்று நீங்கள் சொன்னதால் புத்தூருக்குக் கட்டுப் போட அழைத்துப் போனேனே. கட்டுப் போடுகிறவர் தொட்டுப் பார்த்துவிட்டு என்னிடம், "இது முறிவு இல்லம்மா. கட்டுக்கு அடங்காது. பெரியவர திருப்பதிக்கு இட்டுக்கினு போய் ஸ்கேன் எடு, தள்ளிப் போடாதே" என்றார். நீங்கள் எதிர் பெஞ்சில் இருந்தீர்கள். கேட்காது என்ற தைரியம் எனக்கு. இப்போதைக்கு ஒரு கட்டுப் போடுங்கள் என்று அவரைக் கெஞ்சினேன். வெறும் சுளுக்கு என்று உங்களிடமும் கத்திச் சொன்னேன், உங்கள் மகனிடமும் சொன்னேன்.

என் தங்கை பிரீத்தியின் கல்யாணத்துக்கு இருபத்தாறு நாள்தான் இருந்தது. அவளுக்கு ஏற்கெனவே ஒரு சம்பந்தம் நின்று போனது உங்களுக்குத் தெரியும். உங்களுக்குப் பெரிய வியாதி என்றால் அபசகுனம் என்று மாப்பிள்ளை வீட்டார் இதையும் நிறுத்திவிடுவார்கள் என்று பயந்தேன். நீங்களோ அந்தக் கட்டோடு பந்தியில் சாம்பார் வாளி தூக்கினீர்கள். எங்கள் அப்பாகூட அப்படி நிற்கவில்லை.

கல்யாணம் முடிந்தும் எனக்கு வாய் வரவில்லை. நீங்கள் கீழே விழுந்த பிறகுதான் திருப்பதிக்குக் கொண்டு வந்தோம். புற்று முதுகெலும்பு வரை போய்விட்டது, இரண்டு மாதம் முன்னால் வந்திருக்கக் கூடாதா என்று டாக்டர் கேட்டபோது உங்கள் மகன் தலையில் அடித்துக்கொண்டு அழுதார். நான் ஒன்றும் தெரியாதவள் மாதிரி அவருக்குத் தண்ணீர் எடுத்துக் கொடுத்தேன். சீ, நானும் ஒரு மனுஷியா!

திட்டியாவது நாலு வரி எழுதுங்கள்.

உங்கள் மருமகள்
நந்திதா


திருப்பதி
15.11.2024

அம்மா நந்திதா,

மாமாவின் ஆசீர்வாதம். படுத்தபடி எழுதுகிறேன், என் எழுத்தைப் பார்த்துச் சிரிக்காதே.

பவர்லூம் கொட்டாயில் எவனுக்கம்மா காது கேட்டது? அத்தனை சத்தத்தில் நாங்கள் உதட்டைப் பார்த்துத்தான் பேசிக்கொள்வோம். டீ வந்துவிட்டது, முதலாளி வருகிறார், எல்லாம் உதட்டிலேயே. புத்தூரில் அந்த மனுஷன் சொன்னதை அவன் வாயசைவிலேயே பார்த்துவிட்டேன். பிறகு நீ என் பக்கம் திரும்பி "சுளுக்கு மாமா" என்றாய். உன் உதடு நடுங்கிற்று. பாவம், எனக்கு உன்மேல்தான் இரக்கம் வந்தது.

அந்தப் பெண் கல்யாணம் முடியட்டும் என்று நானும்தான் வாயை மூடிக்கொண்டேன். எழுபத்திரண்டு வயசு ஆகிறது, இன்னும் என்ன வேண்டும் எனக்கு?

உன் புருஷன் பிரவீனிடம் மூச்சு விடாதே. அவன் முன்கோபி, உன்னை வீட்டில் வைத்துக்கொள்வானோ மாட்டானோ. இது நம் இரண்டு பேரோடு போகட்டும். இந்தக் கடிதத்தைக் கிழித்துப் போடு. ஞாயிற்றுக்கிழமை மிளகு ரசம் எடுத்துக்கொண்டு வா, இங்கே ரசம் என்று வெந்நீரை ஊற்றுகிறார்கள்.

உமாபதி


நகரி
20.11.2024

மாமா,

கிழிக்கவில்லை. போன ஞாயிறும் வராததற்கு மன்னியுங்கள்.

எல்லாம் தெரிந்தேதான் அந்த வலியோடு நடமாடினீர்களா? நான் மனசில் கும்பிடுகிற மனுஷர் நீங்கள். உங்கள் பேச்சை இதுவரை மீறியதில்லை. நேற்று மீறிவிட்டேன். உங்கள் மகனிடம் எல்லாவற்றையும் சொல்லி, உங்கள் கடிதத்தையும் கையில் கொடுத்தேன்.

அடிப்பார் என்று நினைத்தேன். அவர் இரண்டு தடவை படித்தார். "நீ பண்ணது ஒரு பக்கம் கெடக்கட்டும். நைனாவுக்குமா தெரியும்? ரெண்டு பேரும் தெரிஞ்சிக்கினே கம்முனு இருந்துட்டீங்க. நைனாவக் காப்பாத்தலாமா வேணாமான்னு என்னை ஒரு வார்த்த கேக்கணும்னு தோணலையா? நான் அவருக்குப் புள்ள இல்லியா?" என்றார். அப்புறம் குழந்தை மாதிரி அழுதார்.

நம் இரண்டு பேருடைய நல்ல மனசில் அவரை மறந்துவிட்டோம் மாமா. உங்களைக் குறை சொல்ல எனக்கு வாய் ஏது? ஆனாலும் இதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

வருகிற ஞாயிறு காலை முதல் பஸ்ஸைப் பிடித்து வருகிறோம். பஸ்ஸில் அவர் என் பக்கத்தில் உட்காருவாரா, தெரியாது. வார்டு என்றும் பார்க்காமல் கத்துவார். அவர் உதடு பேசி முடிக்கும் வரை கண்ணை மூடிக்கொள்ளாதீர்கள்.

நந்திதா