காது குத்துக்கு முன் என் கைகளை மருத்துவர் நேரில் பார்க்க வேண்டி

அனுப்புநர்:
கோ. இளவரசு,
த/பெ. கோவிந்தசாமி (காலமானவர்),
துடுப்புப் படகு ஓட்டுபவர்,
நடுத்தெரு, கிள்ளை,
சிதம்பரம் வட்டம், கடலூர் மாவட்டம்.

பெறுநர்:
மாவட்ட ஆட்சித் தலைவர் அவர்கள்,
மாவட்ட ஆட்சியர் அலுவலகம்,
கடலூர்.

பொருள்: தோல் சிகிச்சை – 'வீடியோ பேஷண்ட்' என்று என் பெயரில் உள்ள பதிவை மாற்றுதல் – மருத்துவர் நேரில் பரிசோதித்துச் சான்று வழங்குதல் – தங்கை மகளின் காது குத்துக்கு முன் ஆவன செய்ய வேண்டுதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். நான் பிச்சாவரத்தில் படகு ஓட்டிப் பிழைப்பவன். சுற்றுலா வருபவர்களிடம் நாள் முழுக்கப் பேசிப் பேசி வாய் நீண்டுவிட்டது. மனுவும் கொஞ்சம் நீளும். பொறுமையுடன் கடைசி வரை வாசிக்கும்படி முதலிலேயே கேட்டுக்கொள்கிறேன்.

1. எனக்கு இரண்டு முழங்கையிலும் புறங்கைகளிலும் தோல் தடித்து, சிவந்து, வெள்ளை வெள்ளையாகச் செதில் உதிர்கிறது. அரிப்பு உண்டு, வலி பெரிதாக இல்லை. பார்க்கிறவர்களுக்குத்தான் அதிகத் தொந்தரவு. படகில் ஏறக் கை நீட்டினால் சிலர் என் கையை விட்டுவிட்டுப் படகின் விளிம்பைப் பிடித்துத் தடுமாறி ஏறுவார்கள். அதில் காலை நனைத்துக்கொண்டவர்களும் உண்டு. அவர்கள் மேல் எனக்குப் புகார் எதுவும் இல்லை. சிரித்துவிட்டுத் துடுப்பைப் போட்டுவிடுவேன்.

2. சிரிக்க முடியாத விஷயம் வேறு. அப்பா அம்மா போன பிறகு எனக்கென்று இருப்பவள் தங்கை தமிழ்ச்செல்வி ஒருத்திதான். கீரப்பாளையத்தில் வாழ்க்கைப்பட்டிருக்கிறாள். அவளுக்கு ஒரு பெண் குழந்தை, பெயர் இளமதி. முறைப்படி எனக்கு மருமகள். இந்த ஆவணியில் குழந்தைக்கு மொட்டை அடித்துக் காது குத்த நாள் குறித்திருக்கிறார்கள். குழந்தை பிறந்தது முதல் இன்று வரை நான் அவளைத் தூக்கியதில்லை. ஒரு தடவைகூட இல்லை ஐயா.

3. தங்கையின் மாமியார் திருமதி ஞானாம்பாள் அவர்களைத் தவறாகச் சொல்ல எனக்கு மனம் வராது. என் தங்கைக்குக் குழந்தை தங்க வேண்டும் என்று கோயில் கோயிலாக நடந்தவர் அவர். நான் போனால் காபி கொடுக்கிறார், சாப்பிடாமல் விடுவதில்லை. ஆனால் நாற்காலி வாசலோடு சரி. "தம்பி, தப்பா நெனச்சிக்காத. பச்ச ஒடம்பு, எதுனா ஒட்டிக்கிச்சின்னா நான் என்னா பண்ணுவேன்? ஒட்டாதுன்னு கவுருமெண்டு டாக்டரு எழுதிக் குடுக்கட்டும், நானே புள்ளையத் தூக்கியாந்து ஒம் மடியில வெக்கிறேன்" என்று என் முகத்துக்கு நேராகத்தான் சொன்னார். தனியார் மருத்துவரிடம் வாங்கி வரட்டுமா என்று கேட்டதற்கு, காசு கொடுத்தால் எழுதிக் கொடுப்பவர்கள் நிறைய பேர் என்று சொல்லிவிட்டார்.

4. தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் காது குத்துவார்கள் என்பது தாங்கள் அறியாததல்ல. குழந்தை வீறிடும்போது இறுக்கிப் பிடித்துக்கொள்வதும், பிறகு சமாதானம் செய்வதும் மாமன் வேலை. இப்போது என் பெரியப்பா மகனை உட்கார வைக்கலாமா என்று அந்த வீட்டில் பேச்சு நடக்கிறது. அவன் நல்லவன்தான். இருந்தாலும், நான் ஒருவன் குத்துக்கல்லாட்டம் உயிரோடு இருக்கும்போது என் மருமகள் இன்னொருவன் மடியில் உட்கார்ந்து அழுவதா? மன்னிக்கவும். விஷயத்துக்கு வருகிறேன்.

5. நான் சிகிச்சை பெறுவது சிதம்பரத்தில் உள்ள ஓர் அரசு மருத்துவமனையில். ஊழியர்கள் மேல் நடவடிக்கை கேட்பது என் நோக்கமல்ல என்பதால் பெயரை இங்கே எழுதவில்லை, கேட்டால் நேரில் சொல்கிறேன். முதல் தடவை நேரில்தான் போனேன். அங்கே 'தோல் நோய் மற்றும் பால்வினை நோய்ப் பிரிவு' என்று ஒரே பலகை. இரண்டும் ஒரே துறை என்பது படித்தவர்களுக்குத் தெரியும், வழியில் போகிறவர்களுக்குத் தெரியுமா? வரிசையோ மருந்து வாங்கும் இடம் வரை நீண்டிருந்தது. எங்கள் ஊர்க்காரர் ஒருவர் என்னைப் பார்த்துவிட்டு, "என்னா மச்சான், இந்த லைன்ல நிக்கற? சொல்லவேயில்லியே!" என்று அத்தனை பேர் நடுவில் கூவினார். அவர் விளையாட்டாகத்தான் சொன்னார். மருத்துவரைப் பார்க்காமலே வரிசையை விட்டு வந்து, நான் பேருந்து பிடித்துக் கிள்ளைக்கு வருவதற்குள் அந்த விளையாட்டு ஊருக்குள் வந்துவிட்டது. எனக்குப் பெண் கொடுப்பதாக இருந்த வீட்டில் அத்தோடு பேச்சை நிறுத்திவிட்டார்கள்.

6. ஆகவே அடுத்த தடவை பதிவு செய்யும் இடத்தில், "இனிமே நேர்ல வர்றீங்களா, வீடியோவுல பாத்துக்கறீங்களா?" என்று கேட்டபோது எனக்கு அப்பாடா என்றிருந்தது. கேட்டு முடிப்பதற்குள் "வீடியோ" என்றேன். ஒரு தடவைக்குச் சொன்ன பதில் என்றுதான் நினைத்தேன். அது பிறந்த தேதி மாதிரி என் பெயரோடு ஒட்டிக்கொண்டுவிட்டது.

7. என் வீட்டுக்குள் சிக்னல் நிற்காது, படகுத்துறைக்கு வந்தால்தான் உண்டு. யாருக்கும் தெரியக்கூடாது என்று எதைக் கேட்டு வாங்கினேனோ, அது படகுத்துறையில் எல்லார் கண் முன்னாலும் நடக்கிறது. வெயிலில் நின்றால் செதில் தெரியவில்லை என்கிறார்கள், நிழலுக்குப் போனால் சிவப்பு தெரியவில்லை என்கிறார்கள். வீடியோவில் என்னைப் பார்க்கும் மருத்துவர் சந்திரலேகா அவர்கள் மிகவும் பொறுமையானவர். "அழுத்திப் பாருங்க, சொரசொரப்பா இருக்கா, மொழுமொழுன்னு இருக்கா?" என்று கேட்பார். நானே என்னைத் தொட்டுப் பார்த்து அவருக்குச் சொல்வேன். அவர் எழுதித் தந்த களிம்பில் ஓரளவு குணமும் தெரிகிறது. சொரியாசிஸ் போலத்தான் இருக்கிறது, அப்படியானால் அது ஒட்டுவாரொட்டி இல்லை என்றும் சொன்னார். அன்று படகுத்துறையில் துள்ளாத குறைதான். அதை எழுதித் தாருங்கள் அம்மா என்று கேட்டேன். நேரில் பார்க்காமல் கையெழுத்துப் போட முடியாது, ஒரு நாள் வாருங்கள் என்றார். அதுவும் நியாயந்தானே.

8. நேரில் போனேன். பதிவு செய்யும் இடத்தில் "நீங்க வீடியோ பேஷண்டு சார், நேர்ல டோக்கன் வராது, டாக்டரக் கேளுங்க" என்றார்கள். மறுபடி வீடியோவில் மருத்துவரைக் கேட்டால், "நான் வரச் சொல்லித்தானே இருக்கேன், அங்க கேளுங்க" என்கிறார். கடலூரில் வேறொரு மருத்துவமனைக்கும் போய்ப் பார்த்தேன். அங்கே கம்ப்யூட்டரில் தட்டிப் பார்த்துவிட்டு, நீங்கள் சிதம்பரத்து வீடியோ பேஷண்ட், அங்கேயே பாருங்கள் என்று அனுப்பிவிட்டார்கள். உடம்போடு அவர்கள் எதிரில்தான் நின்றுகொண்டிருந்தேன்.

9. வீடியோ முறையை ஒழிக்க வேண்டும் என்று நான் கேட்கவில்லை. தூரத்தில் இருப்பவர்களுக்கும், நடக்க முடியாதவர்களுக்கும், அதே களிம்பை மறுபடி வாங்க வேண்டியவர்களுக்கும் அது பெரிய உதவி. என் நிலைமையைத்தான் சொல்கிறேன். மருத்துவரும் செல்லில், மருமகளும் செல்லில். வேலை முடிந்ததும் தங்கை வீடியோவில் கூப்பிட்டுக் குழந்தையைக் காட்டுவாள். "மாமா பாரு, மாமா" என்றால் அவள் பொக்கை வாயோடு செல்லை நக்குவாள். திரை முழுக்க எச்சிலாகி ஒன்றும் தெரியாமல் போகும். எங்கள் துறையில் எத்தனையோ பேருடைய குழந்தைகள் படகில் ஏறி இறங்குகின்றன. அவர்கள் தூக்கி வைத்துக்கொண்டு போவதைப் பார்க்கும்போதெல்லாம், இளமதி என்ன கனம் இருப்பாள், தலையில் என்ன வாசம் அடிக்கும், தூக்கினால் அழுவாளா, சட்டைப் பையைப் பிடித்து இழுப்பாளா என்று நினைத்துக்கொள்கிறேன். எனக்குத் தெரியவில்லை ஐயா. தெரிந்துகொள்ள வேண்டும் என்று கிடந்து தவிக்கிறேன்.

எனவே, சமூகம் அவர்கள் கீழ்க்கண்டவற்றைச் செய்து தரும்படி பணிவுடன் வேண்டுகிறேன்:

அ) நேரிலா, வீடியோவிலா என்பதை நோயாளி ஒவ்வொரு முறையும் மாற்றிச் சொல்ல வழி செய்யவும்.

ஆ) அந்தப் பலகையை எடுக்க முடியாவிட்டால், வரிசையையாவது மருந்து வாங்கும் வழியிலிருந்து தள்ளி வைக்கவும். என்னைப் போல் அவசரப்பட்டு 'வீடியோ' என்று சொல்பவர்கள் குறைவார்கள்.

இ) காது குத்துக்கு முன் எனக்கு ஒரு நாள் நேரில் பார்க்க டோக்கன் கிடைக்கச் செய்யவும்.

ஈ) இது எந்த விதியிலும் இருக்காது, இருந்தாலும் கேட்கிறேன். அன்றைக்குத் திருமதி ஞானாம்பாள் அவர்களையும் உடன் அழைத்து வருவேன். அவர்களை உள்ளே அனுமதிக்க வேண்டும். சான்றில் என்ன எழுதியிருந்தாலும், வீட்டுக்குப் போனதும் அவர்கள் மனம் மறுபடி பயப்படும். பெற்று வளர்த்தவர்கள், அப்படித்தான் இருப்பார்கள். அதனால் மருத்துவர் கையுறை போடாமல், தன் வெறும் கையால், என் கையைப் பிடித்துப் பார்க்க வேண்டும். அதை அவர்கள் கண்ணால் பார்த்தால் போதும், பிறகு ஒரு தாளும் தேவைப்படாது. என் கையை வெறும் கையால் ஒருவர் பிடித்து வெகு காலம் ஆகிறது என்பதையும் மறைக்காமல் தெரிவித்துக்கொள்கிறேன்.

தங்கள் ஒரு வார்த்தையில் ஆகிற காரியம் இது. ஆவணி பிறப்பதற்குள் அந்த வார்த்தையைச் சொல்லிவிட வேண்டுகிறேன்.

இடம்: கடலூர்
நாள்: 04.08.2025

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
கோ. இளவரசு

இணைப்பு:
1. மருத்துவமனைச் சீட்டு நகல்.
2. காது குத்துப் பத்திரிகையின் மாதிரி நகல். இன்னும் அச்சுக்குக் கொடுக்கவில்லை. தாய்மாமன் பெயர் வர வேண்டிய இடத்தை என் தங்கை காலியாக விட்டு வைத்திருக்கிறாள்.