பேச்சறைக்காக எழுதிய விண்ணப்பம்

அன்புள்ள சின்னவனுக்கு,

அம்மா எழுதுவது. நீயும் மருமகளும் பேத்தியும் நோய்நொடி இல்லாமல் இருக்க வேண்டும் என்பதுதான் என் முதல் வேண்டுதல், அது கோபத்திலும் மாறாது. இங்கே அப்பாவுக்கு ரத்த அழுத்தம் அடங்கியிருக்கிறது, என் முட்டிவலி அதன் பாட்டுக்கு இருக்கிறது, அக்கா வாரம் தவறாமல் வந்து போகிறாள். ஏறியிருப்பது என் ரத்த அழுத்தம்தான், காரணம் நீ. வாயால் சொன்னால் கத்திவிடுவேன், அதனால் எழுதுகிறேன். உட்கார்ந்து முழுசாகப் படி.

எங்கள் பேச்சறை நிலைமை உனக்குத் தெரிந்ததுதான். டயர் கடைக்கு மேலே இருக்கும் அந்த ஒற்றை அறையில், அப்பாவைப் போலப் பக்கவாதம் வந்து பேச்சுப் போனவர்கள் கூடி, பேச்சுப் பயிற்சி கொடுக்கும் பெண்ணோடு உட்கார்ந்து ஒவ்வொரு சொல்லாகத் தேடி எடுக்கிறார்கள். கீழே காற்றடிக்கும் மெஷின் ஓட ஆரம்பித்தால் பாதிச் சொல்லோடு நிறுத்திவிட்டு அது ஓயும்வரை காத்திருக்க வேண்டும், அந்த நேரத்தில் அவர்கள் முகத்தைப் பார்க்க முடியாது. பயிற்சிப் பெண்ணுக்குச் சம்பளம் கொடுத்துவந்த ஆஸ்பத்திரி இந்த வருஷத்தோடு கையை விரித்துவிட்டது. ஓர் அறக்கட்டளை நிதியுதவி தரும், விண்ணப்பம் எழுதிப் போடுங்கள் என்றார்கள். கிடைக்காவிட்டால் அறையைப் பூட்ட வேண்டியதுதான், அப்பா மறுபடியும் வீட்டுச் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவார். அறைச் சாவியும் டீ பிளாஸ்க்கும் என் கையில் இருப்பதால் விண்ணப்பமும் என் தலையில் விழுந்தது.

அதைக் கேட்டதும் நீ, விண்ணப்பம் எழுதச் சொல்லித்தரும் டீச்சர் ஒருத்தியைக் கம்ப்யூட்டரில் பிடித்துக் கொடுத்தாய். உன்னைவிடச் சின்னவள். முதல் பாடத்திலேயே நான் அழகாக எழுதி வைத்திருந்ததைத் திரையில் போட்டுச் சிவப்புச் சிவப்பாகக் கோடு இழுத்தாள். அறக்கட்டளை அதிகாரிகளும் அவர்கள் வீட்டாரும் சௌக்கியமா என்று கேட்டிருந்தேன், அதை அடித்தாள். உங்கள் தேவை என்ன என்று கேட்டிருந்த இடத்தில், தங்கள் புண்ணியத்தில் எங்களுக்கு ஒரு குறையும் இல்லை என்று எழுதியிருந்தேன். பின்னே, முன்பின் தெரியாதவர்களிடம் வீட்டுக் குறையைக் கொட்டும்படியா என்னை வளர்த்தார்கள். அவள் சிரிப்பை அடக்கிக்கொண்டு, ஒரு குறையும் இல்லைன்னா அவங்க எதுக்கும்மா பணம் குடுக்கணும் என்றாள். சுருக்கென்றுதான் இருந்தது, ஆனால் நியாயம். நிறையப் பேர் பயன் பெறுகிறார்கள் என்று எழுதினால், யாரு, அவங்களுக்கு என்ன மாறுச்சு, அதைச் சொல்லுங்க என்பாள். ரிட்டையர் ஆன வாத்தியார் ஒருவர் வருகிறார், வந்த புதிதில் எதைக் கேட்டாலும் சரி சரி என்பது ஒன்றுதான் வரும், காதை அறுக்கட்டுமா என்றாலும் சரி சரி. இப்போது வேண்டாம் என்று சொல்லக் கற்றுக்கொண்டார், அதில் அவர் பெண்டாட்டிக்குக் கொஞ்சம் வருத்தம்கூட. இதைச் சொன்னதும், இதைத்தாம்மா எழுதணும், இதை விட்டுட்டு என்னென்னமோ எழுதி வச்சிருக்கீங்களே என்றாள். கெட்டிக்காரிதான், இல்லை என்றால் என் நாக்கு அழுகிவிடும்.

வினை அதற்கப்புறம் வந்தது. படிக்கிறவர் மனசில் தைக்க ஒரு மனிதருடைய கதை வேண்டும், உங்கள் வீட்டுக்காரரைப் பற்றியே எழுதுங்கள் என்றாள். எனக்குக் கை ஓடவில்லை. ஜவுளிக்கடையில் நின்று, ஒரு கைக்குட்டைக்கு வந்தவரைக் குடும்பத்துக்கே துணி எடுக்க வைத்த வாய் அது, அதை எப்படி நாலு வரியில் அடக்குவது. அவளே மாதிரிக்கு ஒன்று எழுதி அனுப்பினாள். நான் அதைப் பேச்சறை மேஜையில் வைத்து எல்லோருக்கும் கேட்க வாசித்தேன், அங்கே எதையும் ஒளித்துப் படிக்கிற வழக்கம் இல்லை. வாழ்வை இழந்த முதியவர், எதுவும் புரியாமல் வெறித்தபடி கிடக்கிறார், அவரைச் சுமக்கும் மனைவியின் கண்ணீர் ஓயவில்லை, குடும்பத்துக்கே பாரம், இப்படிப் போகிறது. வெங்காயம் உரிக்கிற நேரம் தவிர நான் எப்போதடா அழுதேன். அப்பா மேஜையை ஓங்கி அறைந்தார். பொய் என்றார். ஒரே சொல், தடங்கல் இல்லாமல், கடையில் விலை சொல்வாரே அதே குரலில். வாத்தியாரும் சரி சரி என்று போகாமல் பொய் பொய் என்றார்.

அன்றைக்கே பேச்சறையிலிருந்தே அந்த டீச்சரைத் திரையில் பிடித்து வாங்கு வாங்கு என்று வாங்கினேன். அவள் முகம் சுருங்கிப்போய், அம்மா, இது நானா எழுதினது இல்லை, உங்க பையன் என்னை ஏற்பாடு பண்ணப்போ அனுப்பின விவரம்தான், பாரம், புரியாது, எல்லாம் அவர் போட்ட வார்த்தைதாங்க என்றாள். ஏன்டா, யாருக்கு யாருடா பாரம். புரியவில்லை என்று உனக்கு யார் சொன்னது. அவர் காலையில் பேப்பர் முழுக்கப் படித்துவிட்டு மாப்பிள்ளையோடு விரலாலேயே வாதாடுகிறார், மாப்பிள்ளை தோற்றுப்போய் எழுந்தும் போகிறார். சொல் வரவில்லை என்றால் அறிவும் போய்விட்டது என்று அர்த்தமா. பேச்சை இழந்தவரை வாழ்வை இழந்தவர் என்று எழுத உனக்கு எப்படிக் கை வந்தது. அவன் நல்லது நெனச்சுதாம்மா எழுதியிருப்பான், பாவம்னு பார்த்தாதானே குடுப்பாங்க என்று அக்கா உனக்காகப் பரிந்து வந்தாள். பெற்ற அப்பனைப் பரிதாபப் பொருளாக்கித்தான் அந்த அறை நடக்க வேண்டுமென்றால் அது நடக்கவே வேண்டாம் என்று அவளுக்கும் கொடுத்தேன் ஒரு டோஸ்.

அந்த டீச்சர் என்ன செய்தாள் தெரியுமா. தெரியாம பண்ணிட்டேன், மன்னிச்சிருங்க என்று அப்பாவிடமே கேட்டாள். பிறகு என்னைக் கொஞ்சம் நகரச் சொல்லிவிட்டு, உங்களைப் பத்தி என்ன எழுதணும்னு நீங்களே சொல்லுங்கய்யா என்றாள். அப்பா ஆரம்பித்தார். நடுவில் கீழே மெஷின் ஓடியது, ஓய்ந்தது, மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தார். அடுத்த சொல் எனக்குத் தெரியும், எடுத்துக் கொடுக்க வாய் துறுதுறுத்தது, பயிற்சிப் பெண் என் கையைப் பிடித்து அழுத்திவிட்டாள். டீச்சர் மணியைப் பார்க்கவில்லை, தலையைக்கூட ஆட்டவில்லை, அப்படியே உட்கார்ந்திருந்தாள். கடைசியில் வந்தது. எனக்குச் சொல்ல இருக்கு, நேரம் குடுங்க. அவ்வளவுதான். அதையே விண்ணப்பத்தின் முதல் வரியாக வைத்தோம். தேவை என்ற இடத்தில் நானும் மானம் பார்க்காமல் எழுதினேன், இந்த அறை மூடினால் இவர்கள் பேசி முடிக்கும்வரை காத்திருக்க வேறு இடம் கிடையாது, வீட்டில் இருப்பவர்கள் அவசரத்தில் வாக்கியத்தைத் தாங்களே முடித்துவிடுகிறோம் என்று. நேற்று அனுப்பியாயிற்று. கிடைக்குமோ கிடைக்காதோ, பொய் இல்லாமல் போயிருக்கிறது.

இப்போது உன் விஷயத்துக்கு வருகிறேன். ஞாயிற்றுக்கிழமை நீ கூப்பிட்டால், அப்பா ஒரு எழுத்து எடுப்பதற்குள், சாப்பிட்டாச்சாப்பா, சரிப்பா, மாத்திரை போட்டீங்கல்ல, சரி அம்மாகிட்ட குடுங்க என்று அவர் பேச வேண்டியதையும் நீயே பேசிவிடுகிறாய். நான் போனை வாங்கும்போது அவர் வாய் திறந்தபடியே இருக்கும். அந்த டீச்சர் யாரோ எவளோ, நேரத்துக்குக் கூலி வாங்குகிறவள், அவளால் காத்திருக்க முடிந்தது. பெற்ற பிள்ளை உன்னால் முடியவில்லை. இனிமேல் போனை நான் வாங்க மாட்டேன், அக்காவும் வாங்க மாட்டாள். உனக்குச் சொல்ல அப்பா பேச்சறையில் ஒரு வாக்கியம் பழகிக்கொண்டிருக்கிறார். என்ன என்று எனக்குத் தெரியும், எழுத மாட்டேன். அதை நீ அவர் வாயால்தான் கேட்க வேண்டும்.

மூன்று பேரும் நூறு வயசுக்கு நன்றாக இருங்கள், திட்டி எழுதியதால் ஆசீர்வாதம் குறைந்துவிடாது. பேத்திக்கு என் முத்தம். ஒன்றே ஒன்றை மட்டும் மனசில் வை. ஞாயிற்றுக்கிழமை எதிர்முனையில் சத்தம் இல்லை என்றால் லைன் போய்விட்டது என்று வைத்துவிடாதே. அப்பா சொல்லைத் தேடிக்கொண்டிருக்கிறார்.

இப்படிக்கு,
கோபம் ஆறாத உன் அம்மா